யார் பேரில் சாகுபடி

காரைக்கால் பக்கம் வரிச்சிக்குடியில் எங்கள் குடும்பத்துக்குப் பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூட, நஞ்சை இருக்கிறது. வாப்பா உயிரோடு இருந்தவரை அந்த நிலத்தைப் பற்றி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தை மாதக் கடைசியில் நெல் மூட்டைகள் வீட்டு வாசலில் வந்து இறங்கும். உம்மா ஆள் வைத்து அவித்துக் காயப்போடுவார். மற்றபடி நிலம் என்பது அலமாரியில் பச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பத்திரம். பாட்டனார் காலத்தில், பிரெஞ்சு ஆட்சியில், நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி முன்னால் பிரெஞ்சில் எழுதியது. எங்களில் யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது.

உம்மாவும் வாப்பாவும் அடுத்தடுத்து மவுத்தான பிறகு அந்த நிலத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினோம். குவைத்தில் வேலை பார்க்கும் என் நானா, என் அண்ணன், ஒருவர். காரைக்கால் டவுனில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் நான் இன்னொருத்தி. இரண்டு பேருடைய காலிலும் அந்தச் சேறு பட்டதில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அதில் சாகுபடி செய்தவர் அந்த ஊர்க்காரர் ஒருவர். எங்கள் வீட்டில் அவரை வரிச்சிக்குடியார் என்றே சொல்லுவோம். வாப்பாவுக்கும் அவருக்கும் நடுவே ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வாய்க் குத்தகைதான். விளைந்தால் பேசிய மூட்டைகளைக் கொண்டு வந்து போடுவார். வெள்ளம் வந்து அழித்துவிட்ட வருஷங்களில் வெறுங்கையோடு வந்து நிற்பார், வாப்பா டீ கொடுத்து அனுப்புவார்.

அவர் மனைவியை எனக்கு அதிகம் தெரியாது. நடவு, களை எல்லாவற்றுக்கும் பெண்களைத் திரட்டுவது அந்த அக்காதான் என்று மட்டும் தெரியும். பத்துப் பேர் கொண்ட குழு. எங்கள் நிலத்தில் தொடங்கி அக்கம்பக்கத்து நிலங்கள் வரை அந்தக் குழுதான் நட்டது.

ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை இரண்டு பேருமாக வீட்டுக்கு வந்தார்கள். அவர் எப்போதும் தனியாக வருகிறவர். மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் ஏதோ விஷயம் என்று தெரிந்தது. அவருக்கு நேராகப் பேச வராது. கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வருமோ என்று ஆரம்பித்தார், மேட்டூரைப் பற்றிப் பேசினார், என் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். அக்காதான் பொறுக்க மாட்டாமல் முந்தானையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"ஒரு கையெழுத்து வேணும் டீச்சர். பதிவு கேம்ப்பு வர்ற வெள்ளிக்கெழமையோட முடியுது."

அந்த வருஷம் விவசாயத்துக்கான உதவிகளைக் கொடுக்கும் முறையை மாற்றியிருந்தார்கள். விதை, உரம், சாகுபடி மானியம், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம் எல்லாம் இனி ஒரே பதிவேட்டின் வழியாகத்தான். ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். எண் இருந்தால் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், நடுவில் யாரும் கைவைக்க முடியாது. நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த எண்ணை வாங்குவதற்கு நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இல்லையென்றால், 'இந்த நிலத்தைச் சாகுபடி செய்கிறவர் இவர்தான்' என்று நிலத்துக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளைத்தான் அக்கா நீட்டினார். மேலே 'சாகுபடி யார் பேரில்' என்று அச்சிட்டு ஒரு கோடு போட்டிருந்தது.

"நானாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுர்றேண்ணே" என்றேன்.

"கேளுங்க டீச்சரம்மா. கேக்காம போடவும் கூடாது" என்றார் அவர்.

அக்கா எழுந்தார். தாளை என் மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நானாவை வீடியோ காலில் பிடித்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

"கையெழுத்து மட்டும் போட்டுறாத புள்ள. போட்டா நிலம் போச்சு. அப்புறம் அவர எழுப்பவே முடியாது. நம்ம சொந்தத்துலயே ஒருத்தர் எத்தன வருஷமா கோர்ட்டுக்கு அலையிறாருன்னு தெரியும்ல?"

"இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல நானா."

"இவங்க இல்ல. இவங்க புள்ளைங்க? பேரனுங்க? எனக்கு இங்க நாளைக்கே வேல போனா ஊர்ல இருக்குறது அது ஒண்ணுதான்."

பதிவை நம் இரண்டு பேர் பெயரிலேயே செய்துவிடு என்றார். அதில் தப்பொன்றும் இல்லையே, நிலம் நம்முடையதுதானே என்றார். நானும் அப்படியே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். வரிச்சிக்குடியாருக்குப் போன் செய்து, "நானா யோசிக்கணும்னு சொல்றாருண்ணே" என்றேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முகாம் நடந்த வரிச்சிக்குடி சமுதாயக் கூடத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு ஏழெட்டுப் பேர் முன்னால் வரிச்சிக்குடியார் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வாங்க டீச்சரம்மா, வெயில்ல நிக்காதீங்க, இப்படி உள்ள வந்துருங்க" என்று தனக்கு முன்னால் இடம் விட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி என் இடத்திலேயே நின்றேன்.

அவர் முறை வந்தது. மேசையில் மடிக்கணினியோடு இருந்த அதிகாரி இளம்பெண். பொறுமையாகவே பேசினார்.

"ஐயா, ஓனர் சம்மதம் இல்லாம ஏத்த முடியாதுங்க. நான் ஏத்துனாலும் இது எடுத்துக்காது."

"இருவது வருசமா நான்தாம்மா பயிர் வைக்கிறேன். ஊர்ல யார வேணாலும் கேளுங்க."

"நம்புறேங்கய்யா. ஓனர் எங்க இருக்காங்க? அவங்கள வரச் சொல்லலாம்ல?"

அவர் திரும்பி என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. "குவைத்துல இருக்காங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் கவரில் தாள்களை மடித்து வைத்துக்கொண்டு வெளியே போனார். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எனக்காகத்தான் அப்படிச் சொன்னார்.

என் முறையில் வேறொரு கூத்து. என் பதிவு சீக்கிரம் முடிந்தது. நானாவின் பெயரைப் பதியும்போது அவருடைய ஊர் நம்பருக்கு ஓ.டி.பி. போனது. அங்கே அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். எண்ணை அவர் வாசித்துச் சொல்வதற்குள் நேரம் தாண்டிவிடும். திரும்ப அனுப்புவார்கள், திரும்பத் தாண்டும். நான்காவது தடவை ஆறு எண்களும் சரியாக வந்து, கணினி பச்சை நிறத்தில் ஒரு டிக் காட்டியது. ஒருநாளும் வரப்பில் நடக்காத என் நானா அன்று விவசாயி ஆனார். நானும் ஆனேன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் கழித்து நானா கூப்பிட்டார். குரலில் உற்சாகம். உதவியெல்லாம் நம் கணக்குக்கே வருகிறது, நாமே ஏன் சாகுபடி செய்யக் கூடாது என்றார். குரும்பகரத்தில் ஒருவர் மானியத்தில் டிராக்டர், விதைக்கும் மெஷின், அறுக்கும் மெஷின் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாராம். உழவிலிருந்து அறுப்பு வரை மொத்தமாகப் பேசிவிட்டால் அவரே பார்த்துக்கொள்வாராம். ஆளே வேண்டாம்.

"அப்ப வரிச்சிக்குடியார் என்ன செய்வாரு நானா?"

"அவருக்கு வேற நிலம் கெடைக்காதா? பெரிய சம்சாரி, வெவசாயம் தெரிஞ்சவரு."

இந்தத் தடவை போனில் சொல்லக் கூடாது என்று தீர்மானித்து, ஸ்கூட்டியில் அவர்கள் வீட்டுக்கே போனேன். வாசலில் அக்கா வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிச்சிக்குடியார் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காராமலே சொன்னேன்.

"எரு அடிச்சாச்சே" என்றார் அக்கா.

கோடை உழவு ஓட்டி, எட்டு வண்டி எருவும் கொட்டி இறைத்திருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது.

"சரி விடு. மண்ணுக்குத்தானே போட்டோம்" என்றார் அவர்.

"மண்ணுக்கா போட்டோம்? வெள்ளாமைக்குல்ல போட்டோம்."

"டீச்சரம்மா என்ன பண்ணுவாங்க. அவங்க மட்டுமா முடிவு பண்றாங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. எரு போட்டோம்னு சொன்னேன். அது தெரியணும்ல அவங்களுக்கு."

எருவுக்கு உண்டானதைக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். கொடுக்கவும் செய்தேன். அதை வாங்கிக்கொண்டபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை.

ஆவணியில் குரும்பகரத்துக்காரர் டிராக்டரோடு வந்தார். நேரடி விதைப்பு. நாற்றங்கால் இல்லை, நாற்றுப் பறிக்கிற வேலை இல்லை, நடவும் இல்லை. காலையில் ஆரம்பித்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் விதைத்து முடிந்துவிட்டது என்று போட்டோ அனுப்பினார். களைக்கொல்லி தெளிக்க ட்ரோன் வந்தது. முன்பு பத்துப் பெண்கள் இரண்டு நாள் நட்டு, பிறகு இரண்டு தடவை களை எடுத்த நிலம். குரும்பகரத்துக்காரர் நல்ல மனிதர், வேலையும் சுத்தம். ஒருமுறை அவரிடம், "இந்த மெஷின் வந்ததுல ஊர்ல வேலையே இல்லாமப் போச்சுன்னு சொல்றாங்களே" என்று கேட்டேன்.

"நானும் அந்த வேலையில இருந்தவன்தாங்க டீச்சர். எங்கம்மா நடவாளு. ஆளு கெடைக்கலன்னு பாதிப் பேரு தரிசாப் போட்டிருந்தாங்க. அவங்களுக்கு இது வந்ததாலதான் பயிரு. உங்க நெலத்துல ஆளு இருந்துச்சு, அது வேற கத" என்றார்.

அவர் சொன்னதை இப்போதும் அடிக்கடி யோசிப்பேன்.

ஐப்பசித் தொடக்கத்தில் உறவுக்காரர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காக டவுனில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். கேட் அருகே நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் விசில் ஊதி வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என் ஸ்கூட்டி பக்கத்தில் போன பிறகுதான் அது வரிச்சிக்குடியார் என்று அடையாளம் தெரிந்தது. சட்டை அவருக்கு ஓர் அளவு பெரியது. தோளில் துண்டு இல்லை.

"வாங்க டீச்சரம்மா. இந்தப் பக்கம் நெழல்ல நிறுத்துங்க."

"எப்பண்ணே இங்க சேந்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு. ஒண்ணும் கஷ்டமான வேல இல்ல. ஒக்காந்தே இருக்கணும், அதான் காலு மரத்துப்போவுது." சிரித்தார். பிறகு, "பயிரு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"வடகிழக்கு மூல தாழ்வு. மழை விடாம அடிச்சா அங்க தண்ணி நிக்கும். வடிகால் வாய்ல கோரை மண்டியிருக்கும், இப்பவே வெட்டச் சொல்லுங்க."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடினார். வடிகால் விஷயத்தை மறுநாள் குரும்பகரத்துக்காரரிடம் சொன்னேன். ஆள் பார்க்கிறேன் என்றார். அறுபது எழுபது நிலங்களைப் பார்க்கிறவர். எங்களுடையது அவர் பட்டியலில் எத்தனையாவதோ.

கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தபோது வடகிழக்கு மூலையில் இரண்டு மாவுக்குமேல் ஒரே ஏரி. எந்த வரப்பை வெட்டினால் தண்ணீர் வடியும் என்று எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் குரும்பகரத்துக்காரர், "மெஷின் எறக்க முடியாதுங்க டீச்சர், இப்ப ஆளுதான் வேணும்" என்றார். ஆளே வேண்டாம் என்று ஆரம்பித்த சாகுபடிக்கு ஆள் தேட வேண்டிய நிலைமை.

ஊருக்குள் போய் அக்காவைக் கேட்டேன். வரமாட்டேன் என்று சொன்னால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன்.

"எத்தன பேரு வேணும்?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும் அக்கா."

"வடிய வைக்க ரெண்டு ஆம்பளையாளு. வடிஞ்சப்புறம் கலைச்சு நட எட்டுப் பேரு. பழைய கூலி இல்ல டீச்சர், இப்ப ஏறியிருக்கு."

"சரி அக்கா."

"நடவு கூலிக்கு வர்றோம். அவ்வளவுதான்" என்றார். எதற்காக அதைச் சேர்த்துச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. பிறகு பெண்கள் இறங்கினார்கள். பயிர் அடர்ந்து கிடந்த இடத்தில் கலைத்துப் பிடுங்கி, அழுகிப்போன இடத்தில் நட்டார்கள். எட்டுப் பேர் கேட்ட இடத்தில் ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். பழைய குழுவில் இருந்த மற்றவர்கள் எங்கே என்று விசாரித்தேன். ஒருத்தி பட்டினச்சேரிக்குக் கருவாடு காயவைக்கப் போகிறாளாம். ஒருத்தி மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம். ஒருத்தி திருப்பூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டாளாம். வரப்பில் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்க, குனிந்த தலை நிமிராமல் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். யாரும் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த வருஷம் வெள்ள நிவாரணம் அறிவித்தார்கள். பதிவேட்டில் இருந்தவர்களின் கணக்குக்குத் தாமதமில்லாமல் வந்து சேர்ந்தது. நானா குவைத்திலிருந்து சந்தோஷமாகக் கூப்பிட்டார். "பாத்தியா, முன்னெல்லாம் இதுக்கு எத்தன நட நடக்கணும்!"

"மூழ்குன பயிர நிமித்துனது அந்த ஆறு பேரு நானா."

"கூலி குடுத்தோம்ல? சரி, நோன்புல ஜகாத் குடுக்கும்போது அவங்களையும் சேத்துக்க. அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சம் கூடவே குடு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு எனக்கும்."

நானாவைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருபத்தோராவது வயதில் விமானம் ஏறியவர். என் கல்யாணத்தை நடத்தியது அவர். வாப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு அவருடையது. ஒரு ரூமில் ஆறு பேரோடு படுத்துச் சேர்த்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பியவர். அவருடைய பயம் என்னவென்று எனக்குத் தெரியும்.

நோன்பு மாதத்தில் சேலையும் மற்றதும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, உள்ளே சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். தண்ணீர் கொடுக்கப் போனவர், நான் நோன்பு என்பது நினைவுக்கு வந்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடுத்தத வாங்கிக்கிட்டேன் டீச்சர். உங்க வாப்பாவும் பெருநாளைக்குக் குடுப்பாங்க. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். மூணு மா, நாலு மா, எவ்வளவானாலும் சரி. குத்தகைக்குக் குடுங்க. ஆனா எழுத்துல குடுங்க. வாயால குடுத்தா நான் எடுக்க மாட்டேன்."

"நானா சம்மதிக்க மாட்டாரு அக்கா."

"உங்களுக்குப் பங்கு இல்லையா அதுல?"

யாரும் அதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. நானே கேட்டுக்கொள்ளாத கேள்வியும்கூட. மார்க்கப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. பத்து மாவில் மூன்று மாவுக்குக் கொஞ்சம் கூடவே எனக்கு வரும்.

அன்று சாயங்காலமே நானாவுக்கு வீடியோ கால் போட்டேன். என் ஹக்கை, எனக்குரிய பங்கை, பிரித்துக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"கோர்ட்டுக்குப் போறியா?"

"இல்ல நானா, சர்வேயர்கிட்ட."

"யாரோ ஒரு குடும்பத்துக்காக நம்ம குடும்பத்த ரெண்டாக்குறியா? ஒரு கையெழுத்துல என்ன வந்துடும்னு நெனைக்கிற? அது போடாததாலயா அவங்க பொழப்பு போச்சு?"

"நீங்க அங்க தங்குறதுக்கான அக்காமாவ வருஷா வருஷம் புதுப்பிக்க உங்க மொதலாளி, அந்தக் கஃபீல், ஒரு கையெழுத்துப் போடுறாருல்ல? அவரு போடலன்னா என்னாவும் நானா?"

இணைப்பு துண்டாகிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் அவரிடமிருந்து போன் வரவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் அவ்வளவு நாள் பேச்சில்லாமல் இருந்ததே இல்லை. பத்தாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. "பெருநாள் கழிச்சு லீவுல வர்றேன். அளந்துக்கலாம்." அவ்வளவுதான்.

வந்தார். சர்வேயர் சங்கிலி போட்டபோது தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வரப்பில் கூடவே நடந்தார். செருப்பு சேற்றில் சிக்கியதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்று சர்வேயர் கேட்டபோது, நான் வாயைத் திறக்கும் முன்னால், "மேட்டுப் பக்கத்த தங்கச்சிக்குப் போடுங்க, தாழ்வு என் பேர்லயே இருக்கட்டும்" என்றார். வீடு திரும்பும் வழியில் அதற்காக நன்றி சொல்லப் போனேன். "உம்மா இருந்தா அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பாங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பட்டா தனியாக வந்த பிறகு, குத்தகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, அக்காவோடு வேளாண் அலுவலகத்துக்குப் போனேன். வரிச்சிக்குடியார் மண்டபத்தில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு நீலச் சட்டையோடே வந்திருந்தார். முகாமில் பார்த்த அதே பெண் அதிகாரி. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவரைக் கேட்டார்.

"சாகுபடி உங்க பேர்லதானேங்கய்யா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அதிகாரியைப் பார்த்தார்.

"என் பேர்ல எழுதுங்க. இவரு மண்டபத்துல இருக்காரு. வயல்ல இருக்கப்போறது நான்."

"உங்க கார்டுல விவசாயக் கூலின்னு இருக்கேம்மா?"

"கூலியும் நான்தான், சாகுபடியும் நான்தான். எத எழுதுனா வெத நெல்லு குடுப்பீங்களோ அத எழுதுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். வரிச்சிக்குடியாரும் சிரித்தார். "அதுவும் சரிதாம்மா, அவ பேர்லயே போட்டுருங்க" என்றார். ஓ.டி.பி. அக்காவின் பட்டன் போனுக்கு வந்தது. அவர் அதை எட்டப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக உரக்க வாசித்தார். முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. வெளியே வந்ததும் வரிச்சிக்குடியார் மணியைப் பார்த்துவிட்டு, "வரவேற்பு இருக்கு, பூக்காரன் வந்துருவான்" என்று சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அவருக்குப் பதிவேட்டில் தன் பெயர் இல்லாதது வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சம்பாவில் நானாவின் நிலத்தைக் குரும்பகரத்துக்காரரின் மெஷின் விதைத்தது. என் பங்கில் அக்கா நாற்றுவிட்டு நட்டார். நடவன்று நானும் போயிருந்தேன். ஆறு பேர்தான் வந்தார்கள். மதியம் ஒரு மணிக்குள் வேலை முடிந்துவிட்டது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, இரண்டு பேர் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். மண்டபத்தில் சாயங்கால வேலை. மற்றவர்கள் வரப்பில் உட்கார்ந்து, வேறு யாராவது இந்த வருஷம் ஆள் வைத்து நடுவார்களா என்று ஊர் ஊராகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மா என்பது ஆறு பேருக்கு ஒரு நாள் வேலை. களைக்கு இன்னும் இரண்டு நாள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அதற்குமேல் நான் எதையும் மாற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டு பங்கும் நன்றாகவே விளைந்தன. மெஷின் விதைத்த பக்கம் ஒன்றும் சோடை போகவில்லை. அக்காவின் நெல்லை ஒரு வியாபாரி களத்திலேயே வந்து எடுத்துக்கொண்டார். குத்தகை மூட்டைகள் என் வாசலில் இறங்கின. அன்று அக்காவே வண்டியோடு வந்திருந்தார். வாப்பா காலத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு நெல்லோடு வந்ததில்லை.

டீ குடித்து முடித்ததும், "உங்க நானாட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க டீச்சர். அந்தத் தாழ்வுப் பக்கம் ரெண்டு மா. மெஷினு அங்க ஒழுங்கா எறங்கல, நான் பாத்தேன். எழுத்துலதான்" என்றார்.

நானாவுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "பாக்கலாம்" என்று பதில் வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இல்லை என்றும் பொருள் உண்டு, சரி என்றும் உண்டு. என் படிப்புக்கும் வாப்பா அதைத்தான் சொன்னார். அக்காவுக்குப் போன் செய்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல், "பாக்கலாம்னாரு அக்கா" என்றேன்.

"அப்ப ஆனி மாசம் பொறந்ததும் ஒரு தரம் ஞாபகப்படுத்துங்க" என்றார்.